தகசுத்தோல் எந்த விலங்கின் தோல்?

ஒரு வாசகரின் கேள்வி, 4 ஜனவரி

யாத்திராகமம் 25:5இல், இஸ்ரவேலர் பாலைநிலத்தில் வழிபட அமைத்த ஆசரிப்புக் கூடாரத்துக்குக் கொண்டுவர வேண்டிய காணிக்கைப் பொருள்களின் வரிசையில் "சிவப்புத்தீர்ந்த ஆட்டுக்கடாத்தோலும், தகசுத்தோலும்" என்று வருகிறது. தகசு என்றால் என்ன விலங்கு என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆங்கில வேதாகமங்களைத் திருப்பினால் ஒன்றில் பேட்ஜர், ஒன்றில் சீல், ஒன்றில் டால்பின், ஒன்றில் கடற்பசு, ஒன்றில் வெள்ளாடு என்றிருக்கிறது. கடற்பசுதான் சரி என்றும், நம் பாக் நீரிணையில் ஆவுளியா என்று மீனவர்கள் சொல்வது அதையே என்றும் எங்கள் சபையில் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். பிள்ளைகளுக்கு நான் எதைச் சொல்வது?

4 ஜனவரி, இரவு

எந்த விலங்கு என்று தேடுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எபிரெய வேதத்தில் 'தஹஷ்' என்னும் இச்சொல் பொருளின் பெயராக 14 இடங்களில் வருகிறது: யாத்திராகமத்தில் ஆறு, எண்ணாகமத்தின் 4ஆம் அதிகாரத்தில் மட்டும் ஏழு, எசேக்கியேல் 16:10இல் ஒன்று. இந்தப் பதினான்கில் ஓரிடத்திலும் தஹஷ் உயிரோடு வருவதில்லை. அது மேய்வதில்லை, ஓடுவதில்லை, வேட்டையாடப்படுவதில்லை, பலியிடப்படுவதுமில்லை. பதின்மூன்று இடங்களில் அது தோல், ஓரிடத்தில் அது காலணி. லேவியராகமம் 11, உபாகமம் 14 ஆகிய இரண்டு அதிகாரங்களும் உண்ணத்தக்க, தகாத உயிரினங்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகின்றன. அவற்றில் தஹஷ் இல்லை. காட்டுவிலங்குகளை அவ்வளவு விரிவாகப் பாடும் யோபுவின் கடைசி அதிகாரங்களிலும் இல்லை. இஸ்ரவேலர் தம் பொருள்களோடு கொண்டுவந்து கொடுக்கும் அளவுக்குப் பழக்கமான தோலைத் தந்த ஒரு விலங்கு, உயிருள்ளதாக ஒரு வரியிலும் நடமாடவில்லை என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது.

5 ஜனவரி

மொழிபெயர்ப்புகள் இப்படிச் சிதறியதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றைத் தனித்தனியே எடை போட வேண்டும்.

பேட்ஜர் என்பது ஐரோப்பாவில் வளை தோண்டி வாழும் ஒரு விலங்கு. லூத்தரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அதன் பெயர் 'தாக்ஸ்'. தஹஷ், தாக்ஸ் என்னும் ஓசை ஒற்றுமையைத் தவிர இதற்கு வேறு வலுவான ஆதாரம் கிடையாது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் அதே வழியில் சென்றது. 1885இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்தப் பதிப்பு சீல் என்று மாற்றியது. பின்னர் 1952இன் திருத்தம் வெள்ளாட்டுத்தோல் என்றது, 1978இன் வேறொரு மொழிபெயர்ப்பு கடற்பசுத்தோல் என்றது. கடைசியாகச் சொன்ன மொழிபெயர்ப்பே 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தில் விலங்கின் பெயரையே கைவிட்டு, நீடித்து உழைக்கும் வேறொரு வகைத் தோல் என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. நூற்றாண்டுக்கணக்கில் விலங்குகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்த பின், ஒரு மொழிபெயர்ப்புக் குழு விலங்கை எடுத்துவிட்டது என்பதைப் பிள்ளைகளுக்குத் தயங்காமல் சொல்லலாம்.

தமிழில் இச்சொல்லை மொழிபெயர்க்காமல் 'தகசு' என்று அப்படியே வைத்தவர்களை நான் மதிக்கிறேன். ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முடிந்த திருத்தத்தின் வழி நமக்கு வந்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பு, 'ரெஏம்' என்னும் எபிரெயச் சொல்லுக்குக் காண்டாமிருகம் என்றும், 'ஷாபான்' என்பதற்குக் குழிமுசல் என்றும் துணிந்து பெயர் வைத்தது. தகசில் மட்டும் அந்தத் துணிவைக் காட்டவில்லை. அது நல்ல நிதானம்.

6 ஜனவரி

கடற்பசு வாதத்தை எளிதில் தள்ள முடியாது என்பதால் அதை முழுமையாக வைக்கிறேன்.

அரபு மொழியில் 'துகஸ்' என்னும் சொல் டால்பினையும் அதை ஒத்த கடல் விலங்குகளையும் குறிக்கிறது. எபிரெயத்தின் மூன்று மெய்களும் அரபின் மூன்று மெய்களும் இவ்விரு மொழிகளுக்கிடையே வழக்கமாக எதிர்பார்க்கும் முறையிலேயே பொருந்துகின்றன. செங்கடலிலும் அதன் வடகிழக்குக் கரமான அக்காபா வளைகுடாவிலும் கடற்பசு உண்டு. ஆகையால் சீனாய்த் தீபகற்பத்தைச் சுற்றித் திரிந்தவர்களுக்கு அது அந்நிய விலங்கு இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதியில் பயணம் செய்தவர்கள், செங்கடலில் பிடிபடும் பெரிய 'மீன்' ஒன்றின் தடித்த தோலில் பெதூயின் மக்கள் செருப்பு செய்து அணிவதைப் பதிவு செய்தார்கள். ஜெர்மானிய இயற்கையியலாளர் எட்வர்ட் ரூப்பெல் 1834இல் செங்கடல் கடற்பசுவுக்கு அறிவியல் பெயர் வைத்தபோது, ஆசரிப்புக் கூடாரத்தை நினைத்தே 'தாபெர்னாகுலி' என்னும் அடைமொழியைச் சேர்த்தார். இன்றைய எபிரெயத்தில் கடற்பசு தஹஷ் என்றே வழங்குகிறது. அந்த உயிரின வரிசைக்கே அதிலிருந்துதான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் கடலிலும் இருப்பது அதே இனந்தான். ஆவுளியா என்றும் கடற்பசு என்றும் நாம் சொல்லும் அந்த விலங்குக்காகப் பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022இல் காப்பகமாக அறிவித்தது. எனவே உங்கள் சபையில் ஒருவர் அதைச் சொன்னதும் எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கும். கண்ணுக்குத் தெரிந்த விலங்கு, கேட்ட பெயர், வேத வசனம் மூன்றும் ஒன்றுசேரும்போது அதன் ஈர்ப்பு பெரியது.

என் தயக்கம் இரண்டு. முதலாவது, இன்றைய எபிரெயத்தில் தஹஷ் என்றால் கடற்பசு என்பது சான்றாகாது. அண்மை நூற்றாண்டுகளில் மொழியை மீட்டெடுத்தவர்கள், பொருள் தெளிவற்ற வேதச் சொற்களை எடுத்துப் பெயரில்லாத விலங்குகளுக்குச் சூட்டினார்கள். அந்தப் பெயர்சூட்டலைத் திருப்பி வேதத்துக்கே சான்றாகக் கொண்டுபோனால், நாம் வைத்த பெயரையே நாம் சாட்சிக்கு அழைத்தவர்கள் ஆவோம்.

இரண்டாவது தயக்கம் எசேக்கியேல். அதற்குத் தனிக்குறிப்பு தேவை.

6 ஜனவரி, சற்று நேரம் கழித்து

கடற்பசுவுக்குச் சிறகும் செதிலும் இல்லை, ஆகவே லேவியராகமம் 11:10இன்படி அது அருவருப்பானது, அதன் தோல் எப்படிப் பரிசுத்த ஸ்தலத்தின் மேல் வரும் என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். அந்த வசனங்கள் உண்பதைப் பற்றியும் செத்த உடலைப் பற்றியும் பேசுகின்றன. பதனிட்ட தோலைப் பயன்படுத்தலாகாது என்று தோரா, அதாவது மோசேயின் ஐந்தாகமம், நேராக எங்கும் சொல்லவில்லை. சுத்தமான விலங்கின் தோல் மட்டுமே தேவ காரியத்துக்குத் தகும் என்னும் விதி, பழைய ரப்பிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதில் வருவது. கடற்பசு வாதத்தை இந்த ஒரு காரணத்தால் முடித்துவிட முடியாது.

8 ஜனவரி

தல்மூதைத் தொட்டுவிட்டதால் பழைய யூத உரைகளையும் கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்புகளையும் பார்த்துவிடுவோம். இங்கேதான் விஷயம் திரும்புகிறது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஐந்தாகமத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் தஹஷை ஒரு விலங்காகவே எடுத்துக்கொள்ளவில்லை. 'ஹுவாகிந்தினா' தோல்கள், அதாவது நீலமும் ஊதாவும் கலந்த நிறத் தோல்கள் என்று எழுதினார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து லத்தீனில் பெயர்த்த ஜெரோமும் ஊதா நிறத்தோல் என்றே வைத்தார். கிடைக்கும் சாட்சியங்களுள் காலத்தால் மூத்தது நிறத்தைச் சொல்கிறது, விலங்கைச் சொல்லவில்லை.

ஐந்தாகமத்தின் பழைய அரமேய மொழிபெயர்ப்பான ஒன்கெலோஸின் தர்கூம் 'சஸ்கோனா' என்கிறது. பாபிலோனியத் தல்மூதின் சப்பாத் பகுதியில் 28ஆம் ஏட்டில் ரப்பி யோசேப்பு அந்தச் சொல்லைப் பிரித்து, 'பல நிறங்களில் மகிழ்வது' என்று விளக்குகிறார். அதே ஏட்டில் ரப்பி மேயீர் சொன்னதாக வருவது புகழ்பெற்றது: மோசேயின் காலத்திலிருந்த தஹஷ் தனியொரு படைப்பு, அது காட்டுவிலங்கா வீட்டுவிலங்கா என்று ஞானிகளால் தீர்க்க முடியவில்லை, அதன் நெற்றியில் ஒற்றைக் கொம்பு இருந்தது, அந்த வேளைக்காக அது மோசேக்குக் கிடைத்தது, கூடாரம் முடிந்ததும் மறைக்கப்பட்டது. இடைக்கால யூத உரையாசிரியரான ராஷி தம் யாத்திராகம உரையில் இந்த மரபையே சுருக்கிச் சொல்கிறார். யெருசலேம் தல்மூதிலோ ரப்பி யூதா இதை ஒரு சாயத்தின் பெயராக எடுத்துக்கொள்ள, மற்ற ஞானிகள் பாலைநிலத்தில் வாழ்ந்த சுத்தமான விலங்கு என்கிறார்கள்.

மறைக்கப்பட்ட ஒற்றைக் கொம்பு விலங்கைப் படித்தவுடன் இது வெறும் கதை என்று ஒதுக்குகிறவர்கள் அதிலுள்ள நேர்மையைப் பார்ப்பதில்லை. தம் காலத்தில் எந்த விலங்கையும் காட்டி இதுதான் என்று சொல்ல முடியாது என்பதை அந்த ரப்பிகள் அறிந்திருந்தார்கள். அவர்கள் கைவிடாமல் பிடித்துக்கொண்ட ஒன்றே ஒன்று நிறம். விலங்கு என்றவர்களும் பல நிற விலங்கு என்றார்கள்.

9 ஜனவரி

எசேக்கியேல் 16:10. எருசலேமை அனாதையாகக் கிடந்து வளர்ந்த பெண்ணாக உருவகித்து, தேவன் அவளை மணந்து அணிவித்தவற்றைச் சொல்லும் இடம். தையலாடை, மெல்லிய புடவை, பட்டுச்சால்வை ஆகியவற்றுக்கு நடுவே 'உனக்குத் தஹஷ் காலணி அணிவித்தேன்' என்பது எபிரெயத்தின் கருத்து. இங்கே 'தோல்' என்னும் சொல் கூட இல்லை, தஹஷ் மட்டுமே நிற்கிறது.

நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இங்கே என்ன சொல்கிறது பாருங்கள்: "சாயந்தீர்ந்த பாதரட்சைகள்". யாத்திராகமத்தில் தகசு என்று விட்டவர்கள் இங்கே அதே எபிரெயச் சொல்லுக்குச் சாயம் என்கிறார்கள். ஒரே புத்தகக்கட்டுக்குள் நமக்கு இரண்டு விடைகளும் இருக்கின்றன. யாத்திராகமத்தைப் படிப்பவர் எசேக்கியேலைத் திருப்பிப் பார்க்காததால் இது கவனத்துக்கு வருவதே இல்லை.

இனிக் கடற்பசுவுக்கு வருவோம். செங்கடல் ஓரத்து மேய்ப்பர் தடித்த தோலை வெட்டிக் காலில் கட்டிக்கொள்வது உழைக்கும் மனிதனின் செருப்பு. பட்டும் பொன்னும் பூண்டு ராணியாகும் மணப்பெண்ணுக்கு அதையா அணிவிப்பார்கள்? எசேக்கியேலின் வரியில் தஹஷ் பட்டுக்கு நிகராக வைக்கப்பட்டிருக்கிறது. கடினமான, முரட்டுத் தோல் என்ற விளக்கம் கூடாரத்தின் மேல்மூடிக்குப் பொருந்தலாம், மணப்பெண்ணின் காலுக்குப் பொருந்தாது. இரண்டு இடங்களையும் ஒருங்கே தாங்கும் பொருளைத்தான் நாம் தேட வேண்டும்.

11 ஜனவரி

நான் ஆம்பூர்ப் பக்கத்தில் தோல் பதனிடும் ஆலைகளில் நெடுங்காலம் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தவன். அந்தப் பழக்கத்தால் யாத்திராகமம் 25:5ஐ நான் படிக்கும் விதம் சற்று வேறுபடுகிறது.

தோலோடு பழகியவர்கள் ஒரு தோலைப் பெயர் சொல்லி அழைக்கும்போது பெரும்பாலும் விலங்கைச் சொல்வதில்லை. எப்படிப் பதமானது, எந்த நிறம், எந்த ஊர் முறை என்பதே பெயராகிவிடும். கார்டோவன் என்பது ஸ்பெயினின் கோர்தோபா நகரத்தின் பெயர். மொராக்கோ தோல் என்றால் நாட்டின் பெயர், பொருளோ ஆட்டுத்தோல். ஆவாரம்பட்டையில் ஊறியதற்கும் குரோமில் ஊறியதற்கும் ஆடு ஒன்றாகவே இருந்தாலும், சந்தையில் அவை இரண்டு வேறு சரக்குகள். எல்லாவற்றையும் விட இங்கே பொருத்தமானது ஷாமி. ஐரோப்பிய மலைகளில் வாழும் ஆடு போன்ற ஒரு விலங்கின் பெயர் அது. அதன் தோலை மீன் எண்ணெயில் பதனிட்டு மென்மையாக்கும் முறை பரவியபின், செம்மறியாட்டுத் தோலை அதே முறையில் பதனிட்டாலும் ஷாமி என்றே சொல்கிறார்கள். கண்ணாடி துடைக்க ஷாமி தோல் வாங்குகிறவர் கையில் இருப்பது பெரும்பாலும் செம்மறியாடு. பிற்காலத்தில் யாரேனும் 'ஷாமியின் தோல்' என்ற சொற்றொடரை மட்டும் வைத்துக்கொண்டு விலங்கைத் தேடினால், அவர் மலையைச் சரியாகக் கண்டுபிடிப்பார், கையிலுள்ள தோலைத் தவறவிடுவார்.

இப்போது அந்த வசனத்தைப் பாருங்கள். தகசுத்தோலுக்கு முன்னால் நிற்பது வெறும் ஆட்டுக்கடாத்தோல் இல்லை, சிவப்புத்தீர்ந்த ஆட்டுக்கடாத்தோல். பட்டியலே பதனிட்டு முடித்த சரக்கின் பட்டியல். அதற்கு முன் வருவன இளநீலநூல், இரத்தாம்பரநூல், சிவப்புநூல், மெல்லிய பஞ்சுநூல்: யாவும் சாயமேற்றிய அல்லது நூற்று முடித்த பொருள்கள். காணிக்கை கொண்டுவருகிறவன் பச்சைத்தோலைக் கொண்டுவரவில்லை. இந்த வரிசையில் தஹஷும் ஒரு முடித்த சரக்கின் பெயராக இருப்பதே இயல்பு.

11 ஜனவரி, தொடர்ச்சி

இதற்கு வெளியிலிருந்து வரும் துணை, பண்டைய மெசபொத்தாமியாவில் வழங்கிய அக்காத் மொழி. பாபிலோனிய, அசீரிய ஆவணங்களில் 'துஷு' என்றும் 'துஹ்ஷு' என்றும் ஒரு சொல் இருக்கிறது. முதற்பொருள் ஒரு வகை மணிக்கல், அடுத்த பொருள் அந்தக் கல்லின் நிறம் ஏற்றிய உயர்ந்த தோல். ஆட்டுத்தோலைப் படிகாரத்தில் பதனிட்டு நிறமேற்றி அதைச் செய்தார்கள். காலணி, வார், குதிரைச் சேணத்தின் உறுப்புகள் ஆகியவற்றுக்கு அது பயன்பட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சான்று எகிப்தின் அமார்னாவில் கிடைத்த களிமண் பலகைகளுள் ஒன்று. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் வட சீரியப் பகுதியை ஆண்ட மிட்டன்னி நாட்டின் அரசன் துஷ்ரத்தா, தன் மகளை எகிப்தின் மூன்றாம் அமேன்ஹோதெப்புக்குக் கொடுத்தபோது அனுப்பிய சீர்வரிசையின் பட்டியல் அது. அந்த நீண்ட வரிசையில் பொன் அலங்காரம் பதித்த துஷு தோல் காலணிகள் வருகின்றன. அரசகுலத் திருமணம், அதன் வரிசைப் பொருள்கள், நடுவே துஷு காலணி. எசேக்கியேல் 16இல் வருவதும் மணமகளுக்கு அணிவிக்கும் வரிசைதான், அதிலும் இது காலணியாகவே வருகிறது. எசேக்கியேல் பாபிலோனியாவில் கேபார் ஆற்றங்கரையில் சிறையிருந்தோரிடையே வாழ்ந்தவர். அந்த நாட்டில் துஷு காலணி என்றால் என்ன மதிப்பு என்பது அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதாக இருந்திராது.

அவர் ஆசாரியரும் கூட. 16:10இல் அவர் எடுத்தாளும் 'ரிக்மா' என்னும் சித்திரத்தையல், 'ஷேஷ்' என்னும் மெல்லிய சணல் துணி, தஹஷ் ஆகிய மூன்றும் ஆசரிப்புக் கூடாரத்தின் அகராதியிலிருந்து வருபவை. கூடாரத்தைப் போர்த்தியதையே எருசலேமுக்குப் போர்த்துகிறார் என்று நான் அதை வாசிக்கிறேன்.

13 ஜனவரி

பன்மையைப் பற்றி எழுந்த மறுப்பு நியாயமானது. யாத்திராகமத்தில் 'ஓரோத் தெஹாஷிம்' என்று வருகிறது, அதாவது தஹஷ்களின் தோல்கள். நிறத்துக்கோ பதத்துக்கோ பன்மை ஏன்? செம்மறிக்கடாக்களின் தோல்கள் என்பதைப் போலவே தஹஷ்களின் தோல்கள் என்றால், இரண்டும் விலங்குகள் என்றல்லவா ஆகிறது?

இதை நான் எளிதாகக் கடக்க விரும்பவில்லை. விலங்கு என்பாருக்கு இலக்கணத்தில் கிடைக்கும் வலுவான பிடி இதுதான். ஆனால் எபிரெயத்தில் நிறத்தையும் சாயத்தையும் குறிக்கும் சொற்கள் பன்மை ஏற்பதுண்டு. ஏசாயா 1:18இல் "உங்கள் பாவங்கள் சிவேரென்றிருந்தாலும்" என்று நாம் வாசிக்குமிடத்தில் மூலத்தில் 'ஷானீம்' என்று பன்மையே நிற்கிறது. நீதிமொழிகள் 31:21இலும் அப்படியே. கூடாரத்தின் மரப்பலகைகளைச் சொல்லும்போதும் 'ஷித்தீம்' மரங்கள் என்று பொருட்பெயர் பன்மையில் வருகிறது. மேலும் எண்ணாகமம் 4இல் 'ஓர் தஹஷ்' என்று ஒருமையும், எசேக்கியேலில் தோல் என்ற சொல்லே இல்லாமல் தனித் தஹஷும் வருகின்றன. 'செம்மறிக்கடாவைக் காலில் அணிவித்தேன்' என்று யாரும் எழுத மாட்டார்கள். 'மொராக்கோ அணிவித்தேன்' என்று எழுதலாம்.

இலக்கணம் இரு பக்கமும் இடம் கொடுக்கிறது. எந்தப் பக்கம் கூடுதல் என்று கேட்டால், எசேக்கியேலின் தனித் தஹஷ் என்னைச் சரக்கின் பெயர் என்ற பக்கமே தள்ளுகிறது.

14 ஜனவரி

படிகாரத்தைப் பற்றி நானே எழுப்ப வேண்டிய ஒரு சிக்கல் இருக்கிறது. படிகாரத்தில் பதனிட்ட தோல் வெண்மையாக, மிருதுவாக வரும், சாயத்தை மிகத் தெளிவாக ஏற்கும். அதன் குறை தண்ணீர். நன்றாக நனைந்தால் படிகாரம் கரைந்து வெளியேறி, தோல் உலரும்போது விறைத்துப் பச்சைத்தோல் போலாகிவிடும். அப்படியானால் கூடாரத்தின் எல்லாவற்றுக்கும் மேலான மூடியாக (யாத்திராகமம் 26:14) அதை எப்படிப் போட்டிருப்பார்கள்?

எண்ணாகமம் 4 இந்தச் சிக்கலை இன்னும் கூர்மையாக்குகிறது. பாளயம் புறப்படும்போது பரிசுத்த பொருள்களை எப்படிப் பொதிய வேண்டும் என்று அங்கே வரிசை சொல்லப்படுகிறது. சமுகத்தப்ப மேஜையின்மேல் நீலத்துப்பட்டி, பாத்திரங்கள், சிவப்புத்துப்பட்டி, அதன்மேல் தகசுத்தோல். குத்துவிளக்குக்கு நீலத்துப்பட்டி, மேலே தகசு. பொற்பீடத்துக்கும் அப்படியே. பலிபீடத்துக்கு இரத்தாம்பரம், மேலே தகசு. எல்லாவற்றிலும் தகசே வெளிப்புறம், அதாவது புழுதியும் வெயிலும் படும் பக்கம். உடன்படிக்கைப் பெட்டியில் மட்டும் வரிசை மாறுகிறது: முதலில் மறைவின் திரைச்சீலை, அதன்மேல் தகசு, அதற்கும் மேல் முழுவதும் நீலமான துப்பட்டி. வழிநெடுகப் பார்க்கிறவர்களுக்குப் பெட்டி எதுவென்று அந்த நீலத்தால் தெரிந்துவிடும்.

ஆகவே தகசு காக்கும் பொருள் என்பதை மறுக்க முடியாது. வெறும் அலங்காரத் தோலாக அது இருந்திருக்க முடியாது. பழைய பாபிலோனிய முறைகளில் படிகாரம் தனியாக நிற்பதில்லை என்பதே இதற்கு நான் காணும் விடை. கோவில் பறைக்குக் காளைத்தோலைப் பதப்படுத்தும் சடங்குக் குறிப்பில் மாவு, பீர், திராட்சை இரசம், கொழுப்பு, படிகாரம் ஆகியவற்றோடு துவர்ப்புள்ள தாவரப்பொருளும் சேர்க்கப்படுகிறது. படிகாரத்தோடு கொழுப்பும் துவர்ப்பும் சேர்ந்தால் தோல் தண்ணீரை முன்னைவிடப் பொறுக்கும் என்பது ஆலையில் எல்லோரும் அறிந்தது. சீனாய் மழை குறைந்த நாடு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே மூடி தாங்க வேண்டியது பெரும்பாலும் வெயிலையும் மணலையும். நல்ல ஆட்டுத்தோல் அந்த வேலையைச் செய்யும், மணப்பெண்ணின் காலுக்கும் வரும்.

16 ஜனவரி

அக்காத் சொல்லோடு எபிரெயச் சொல்லை நேரே இணைப்பதில் ஓசைச் சிக்கல் உண்டு. அங்கே முதலெழுத்து மெலிந்த 'த', இங்கே வலித்த 'த'. தமிழில் இரண்டும் ஒரே எழுத்தானாலும் செமித்திய மொழிகளில் அவை வேறு வேறு மெய்கள். கடன் வாங்கும்போது மூன்றாவது ஒரு மொழியின் வழியாக வந்தால் இப்படி மாறுவதுண்டு.

அக்காத் மொழி அறிஞர் ஸ்தெபனி டாலி 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இந்த இணைப்பை ஏற்று, ஒரு படி மேலே போகிறார். துஹ்ஷு என்பது தோலில் நிறமணிகளைத் தைத்துப் பதிக்கும் வேலைப்பாடு என்பது அவர் முடிவு. பல நிறங்களில் மகிழ்வது என்ற ரப்பி யோசேப்பின் விளக்கம் அதற்கு அழகாகப் பொருந்தும், துஷ்ரத்தாவின் பொன் பதித்த காலணிகளும் பொருந்தும். சுமந்து செல்லும் பொதியின் வெளி உறையாக மணிவேலைத் தோலைப் போடுவார்களா என்பதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. கட்டும் கயிறு உராயும் இடத்தில் தையல் முதலில் போய்விடும்.

எபிரெய மொழி அறிஞர் பெஞ்சமின் நூனன் 2012இல் வேறு வழி காட்டினார். அக்காத், அரபு இரண்டையும் தள்ளிவிட்டு, தோலை இழுத்துப் பதப்படுத்துவதைக் குறிக்கும் எகிப்தியச் சொல் ஒன்றிலிருந்து தஹஷை விளக்கினார். அது சரியென்றால் தஹஷ் நேராகவே பதனிட்ட தோல் என்று பொருள்படும். எகிப்திலிருந்து வெளியேறியவர்கள் கையில் எகிப்தியத் தொழிற்சொல் இருப்பதில் வியப்பில்லை. எண்ணிப் பார்த்தால் எனக்கு இவ்விரண்டுக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல வேண்டிய அவசியம் தோன்றவில்லை. மெசபொத்தாமியப் பக்கம் போனாலும் எகிப்துப் பக்கம் போனாலும் நாம் வந்து சேரும் இடம் பதனிடுகிறவனின் தொட்டிதான்.

17 ஜனவரி

சிறு குறிப்பு. ஆதியாகமம் 22:24இல் நாகோரின் மறுமனையாட்டி ரேயுமாள் பெற்ற பிள்ளைகளுள் ஒருவனுக்கும் இதே எபிரெயப் பெயர், தமிழில் தாகாஸ் என்று வருகிறது. ராகேல் என்றால் பெண்ணாடு, தெபொராள் என்றால் தேனீ, யோனா என்றால் புறா, ஆகவே இவனும் ஒரு விலங்கின் பெயரைத் தாங்கியவன் என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலின் பெயர்கள் பல சீரியாவின் இடப்பெயர்கள். இவனோடு சேர்ந்து வரும் மாகாவும் ஒரு நாட்டின் பெயர்தான். அமார்னாக் கடிதங்களில் 'தஹ்ஷி' என்று ஒரு நாடு வருகிறது. இரண்டாம் அமேன்ஹோதெப் சிறைப்பிடித்த ஏழு அரசர்கள் அந்த நாட்டினர் என்று அவனுடைய அமாதா கல்வெட்டு சொல்கிறது. இந்தப் பெயர் நிலத்தைச் சார்ந்தது, தோலோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

20 ஜனவரி

அகழ்வாய்வில் ஒருநாள் விடை கிடைக்காதா என்று கேட்டவருக்கு. தோல் வறண்ட நிலத்தில் நன்றாகவே நிலைக்கும். அக்காபாவுக்கு வடக்கே திம்னாவில், எகிப்தியரின் ஹாத்தோர் தேவதையின் சிறு கோவிலைப் பிற்காலத்தில் மிதியானியர் கூடாரக் கோவிலாக மாற்றியிருந்ததைப் தொல்லியலாளர் பெனோ ரோத்தன்பெர்க் 1969இல் தோண்டி எடுத்தார். அங்கே சிவப்பும் மஞ்சளுமான கம்பளித் துணி மடிந்து கிடந்தது. பாலைநிலத்தில் வண்ணக் கூடாரம் ஒன்று வழிபாட்டுக்கு நின்றது என்பதற்கு அது கையில் பிடிக்கத்தக்க சான்று. எந்த விலங்கின் தோல் என்பதையும் இப்போது மரபணுவால் சொல்லிவிடலாம். சவக்கடல் சுருள்களின் துணுக்குகளை அவ்வாறு சோதித்து 2020இல் வெளியான ஆய்வில், பெரும்பாலானவை செம்மறியாடு என்றும் எரேமியாவின் சில துணுக்குகள் மாட்டுத்தோல் என்றும் தெரிந்தன. தஹஷ் விஷயத்தில் தடை வேறு: நாளை நிறமேற்றிய ஓர் ஆட்டுத்தோல் சீனாயில் கிடைத்தாலும், அதன்மேல் பெயர் எழுதியிருக்காது. சொல்லும் பொருளும் சேர்ந்து இருக்கும் பட்டியல்தான் நமக்குத் தேவை, அப்படிப்பட்டவை அமார்னாவிலும், யூப்ரத்தீஸ் ஆற்றங்கரைப் பழைய நகரமான மாரியிலும் கிடைத்த பலகைகளில் ஏற்கெனவே இருக்கின்றன.

21 ஜனவரி

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்ற முதற்கேள்விக்கு, நான் வகுப்பில் எழுதிக்கொடுப்பது இதுவாக இருக்கும்: "தகசு: எபிரெயச் சொல். நிறமேற்றிப் பதனிட்ட உயர்ந்த வகைத் தோல், பெரும்பாலும் ஆட்டுத்தோலாக இருக்கலாம். கூடாரத்துக்கு மேல்மூடியாகவும் (யாத். 26:14), மணப்பெண்ணுக்குக் காலணியாகவும் (எசே. 16:10) பயன்பட்டது. கடல் விலங்கு ஒன்றின் தோல் என்றும் அறிஞர் சிலர் கருதுவர்." கடைசி வாக்கியத்தை நீக்கிவிடச் சொல்ல மாட்டேன், அரபுச் சொல்லின் சான்று அங்கே இருக்கும்வரை அது இருக்க வேண்டும். கூடவே பிள்ளைகளை எசேக்கியேல் 16:10ஐத் திறக்கச் சொல்லி, "சாயந்தீர்ந்த" என்ற சொல்லுக்குக் கீழே கோடு போடச் சொல்லுங்கள்.